அரைக்கட்டை ஏறாத பியானோ

செவ்வாய். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நான் சொன்னதுதான் நடந்தது. எங்கள் பாலக்கரை சர்ச் பங்கு மண்டபத்துப் பழைய பியானோவைத் தேடி ரெக்கார்டிங் வரும் என்று அன்றைக்கே சொன்னேன். எவன் கேட்டான்? என் அண்ணன் மகள் ஸ்டெல்லா செல்லோவோடு வந்திருக்கிறாள். வயலினுக்குப் பெரியண்ணன் அது. பியானோ வாசிக்க ஸ்ரீரங்கத்து வரதன். ஒலிப்பதிவு, சென்னை கிஷோர்.

ரொமாண்டிக் இசையாம். சினிமா டூயட் இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய சங்கீதம். அந்தக் காலத்துப் பியானோவில் வாசித்தால்தான் ருசி என்கிறாள். இது ஜெர்மன் பெட்டி. உலகத்திலேயே இப்படி மூன்றுதான்.

பங்குப் பேரவைச் செயலாளர் வாசலில் நின்று, "இந்தப் பொணப்பெட்டிக்கா இவ்ளோ அலப்பறை?" ரெக்கார்டிங் நடக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிவிட்டுப் பந்தி மேஜை போடுவாராம். போடட்டும், பார்ப்போம்.

புதன். ரெக்கார்டிங்கில் சத்தம் விழுமென்று மின்விசிறி நிறுத்தம். சட்டை தொப்பல்.

பியானோவில் சுருதி அரைக்கட்டை கம்மி. கிஷோருக்குக் கடுப்பு.

"ஏத்திடலாம் அங்கிள். இல்லேன்னா சென்னையில புது பியானோவுல வச்சுக்கலாம்."

"ஏத்துனா பழைய கம்பி தாங்காது. நான் செல்லோ சுருதியை இறக்கிக்கிறேன்" என்றாள் ஸ்டெல்லா.

வரதன் கிஷோர் பக்கம் நழுவினான். "சென்னையே தேவலைன்னு தோண்றது மாமா."

எழுந்தேன். "தம்பி, உப்பிலியபுரத்துல ஒரு பங்களாவுல இப்படித்தான் ஏத்துனாங்க. கம்பி தெறிச்சு, வாசிச்சவருக்கு ரெண்டு விரல் போச்சு. ரத்தத்தைத் தொடைச்சது இந்தக் கைதான்!"

வரதன் தன் விரல்களையே பார்த்தான். பிறகு, "செல்லோவையே இறக்கிடலாம்."

வியாழன். ஜன்னலெல்லாம் மெத்தை. அப்படியும் பஸ் ஹார்ன். மறுபடி, மறுபடி.

இறக்கிய செல்லோ சளி பிடித்த மாதிரி இருக்கும் என்று பயந்தேன். இல்லை. அழுது முடித்த ஆள் நிதானமாகப் பேசுகிற குரல். பியானோ பக்கத்தில் உட்கார்ந்து 'ம்' கொட்டுகிறது. எனக்குக் கண்ணில் வியர்வை.

கிஷோர் ஹெட்போனைக் கழற்றினான். "இது புதுசுல வராது அங்கிள்."

"எனக்கு அப்பவே தெரியும்."

செயலாளரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். "மேஜையை வெளியில போட்டுக்கலாங்க."

அப்படி வா வழிக்கு!

சனி. லேசான தூறல். வரதன் போன்.

"மாமா, ஆல்பத்தோட வர்ற சின்னப் புஸ்தகத்துல உப்பிலியபுரம் விஷயத்தையும் போடறோம். விரல் போனவர் பேர் என்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

பியானோ நின்ற இடத்தில் நிற்கிறது. அது போதும். யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

உப்பிலியபுரம் பக்கம் நான் போனதே இல்லை.