அம்மாவின் வியாதியாக இருக்கட்டும்

தலவாக்கலை
4.5.2025

அன்புத் தங்கச்சி பெற்றீசியாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நீ சுகமாக இருப்பாய். போனிலேயே சொல்லலாம், ஆனால் தோட்டத்து லயத்தில் போன் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவிலிருந்து பதில் வரும். அதனால்தான் கடிதம்.

என் நெஞ்சில் ஒரு கட்டி தெரிகிறதாம். புற்றுநோயா, பரவியிருக்கிறதா என்று பார்க்கக் கொழும்பில் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். ஒரு வகைச் சீனியை ஊசியில் ஏற்றுவார்களாம். கெட்டது அதை ஆசையாகத் தின்னுமாம், தின்ற இடம் படத்தில் எரியுமாம்.

செப்டம்பரில் மகள் ஷிராணியின் கல்யாணம். வலப்பனை மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்றும் தெரியாது. உன் அண்ணிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு திரிகிறேன்.

அண்ணன்
வியாகுலம்

வத்தளை
25.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

திட்டுவதா அழுவதா தெரியவில்லை. ஸ்கேனுக்கு முன்னால் வெறும் தண்ணீர் மட்டும் என்று எத்தனை முறை சொன்னேன்! கினிகத்தேனையில் பஸ் நின்றதும் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கி பிளேன்டீ குடித்திருக்கிறீர்கள். "அது சாப்பாடு இல்லீங்களே மிஸ்" என்று நர்ஸிடமே நியாயம் வேறு. இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று ஸ்கேன் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இனி அடுத்த திகதி வரைக்கும் இந்தப் பயத்தோடு இருக்க வேண்டும். இம்முறை முன்கூட்டியே வந்து என் வீட்டில் தங்குங்கள். என் கண் முன்னால் பட்டினி இருங்கள்.

தங்கச்சி
பெற்றீசியா

தலவாக்கலை
15.6.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் வீட்டில் ஒரு கிழமை உண்டு உறங்கியதற்கு நன்றி. நீ வேலைக்குப் போன பிறகுதான் டாக்டர் படத்தைக் காட்டினார். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஊசி போட்டு ஓர் இருட்டறையில் படுக்க வைத்தார்களே, பேசாமல் அசையாமல், அப்போதே உள்ளே எது சீனியைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். வலது பக்கம் நன்றாக எரிகிறது. ஆனால் காசநோயும் இப்படித்தான் எரியுமாம். சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியுமாம். எடுத்திருக்கிறார்கள்.

அம்மா படுத்திருந்த காலத்தில் காசம் என்ற பேரைச் சொன்னாலே அப்பா நம்மை அடிப்பாரே. இப்போது தினமும் முழந்தாளில் நின்று அதையே கேட்கிறேன். அம்மாவின் வியாதியாக இருக்கட்டும்.

வியாகுலம்

வத்தளை
19.6.2025

அண்ணே,

கொச்சிக்கடை அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றி நானும் அதையேதான் கேட்டேன். பக்கத்தில் நின்றவள் என்ன நேர்த்தி என்று விசாரித்தாள். என்னவென்று சொல்ல?

ஒன்று மட்டும் கேளுங்கள். காசம் என்றே வந்தாலும் வெளியில் மூச்சு விடாதீர்கள். அம்மாவுக்கு அது என்று தெரிந்ததும் எனக்குப் பேசிய சம்பந்தம் கலைந்தது. அதன் பிறகு என்னைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. ஷிராணிக்கு அப்படி ஆகக் கூடாது.

பெற்றீசியா

தலவாக்கலை
9.7.2025

அன்புத் தங்கச்சிக்கு,

முடிவு வந்த கவரைத் திறக்கக் கை வரவில்லை. டாக்டரே வாங்கிப் பிரித்தார். காசநோய். ஆறு மாதம் மாத்திரை. உன் அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். உன் வீட்டில் அத்தனை நாள் இருமியிருக்கிறேன், நீயும் போய்ச் சோதித்துக்கொள். எனக்கு இப்போது அந்தப் பயம்தான்.

நீ சொன்னபடி நான் மூச்சு விடவில்லை. ஆனால் ஷிராணி லட்டு வாங்கிக்கொண்டு வலப்பனைக்கே போய்விட்டாள். "எங்கப்பாவுக்கு கேன்சர் இல்லீங்க, டீபிதாங்க" என்று சொல்லிப் பெட்டியை நீட்டியிருக்கிறாள். மாமியார் லட்டைத் தொடவில்லையாம். மாப்பிள்ளை மட்டும் இரண்டு தின்றாராம்.

கல்யாணம் நடக்குமோ நடக்காதோ, இன்னும் பதில் இல்லை. நடந்தால், பீடம் வரைக்கும் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக நான் இருப்பேன்.

உன் அண்ணன்
வியாகுலம்