எழாத அடைக்கோழி

கரு கலைந்து, பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டு வீட்டிலிருக்கும் மனைவி செம்மொழிக்குப் பொழுது போகட்டும் என்றுதான் அறிவுச்செல்வன் கோழி வாங்கினான். நடவு வயலுக்குக் கிளம்புமுன் அவளுக்கு ஒரு சீட்டு எழுதினான்.

“செம்மொழி, ரசம் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், அடை வச்ச முட்டை எல்லாம் கூமுட்டையாப் போச்சு. கோழியைத் தண்ணியில முக்கி எடுத்தா அடை தெளிஞ்சு எந்திரிச்சிடும்னு பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா சொன்னாங்க. தூக்கப் போனேன். முட்டையெல்லாம் இன்னும் இறக்கைக்குள்ள இழுத்துக்கிச்சு. எனக்கு மனசு வரலை. தவிடும் தண்ணியும் அதுக்கு எட்டுற மாதிரி வச்சிருக்கேன்.”

பெயரெழுதி முடித்தவன், அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்:

“எத்தனை நாள்தான் படுத்தே கிடப்பேன்னு நேத்து உங்கிட்ட கத்திட்டேன். கோழி எந்திரிக்கிறப்ப எந்திரிக்கட்டும். நீயுந்தான்.”