மண் உட்கார ஒரு மழை

சிட்டு,

ஜன்னல் வழியாக மண் வாசனை வருகிறது. மழை பெய்து எழும்புகிற வாசனை இல்லை. காய்ந்த மண். காற்று எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருகிறது. நாக்கில் நறநறவென்று இருக்கிறது. சற்று முன்தான் ரேடியோவில் சொன்னார்கள். டெல்லியிலும் சுற்று வட்டாரத்திலும் நாளை சாயங்காலம் வரைக்கும் புழுதிக் காற்று பலமாக அடிக்குமாம். இடி இருக்குமாம். சில இடங்களில் ஆலங்கட்டி விழுமாம், மழைக்கும் வாய்ப்பு உண்டாம். எல்லாம் ஹிந்தியில்தான் சொன்னார்கள். எனக்கு இப்போது புரிகிறது. நீ புரிய வைத்ததுதான்.

நீ நர்ஸ் வேலை கிடைத்து வந்து, எங்களோடு மோதி பாக் குவார்ட்டர்ஸில் தங்கின முதல் வருஷம். நானும் கல்யாணமாகி வந்து ஒரு குளிர்காலம்தான் பார்த்திருந்தேன். ஒரு நாள் வெயில் சாய்கிற நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நம் பக்கத்தில் பங்குனியில் அப்படி இருட்டினால் என்ன செய்வோம்? வெக்கைக்குக் கொஞ்சம் காற்று வரட்டும் என்று கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து போடுவோம். நானும் அப்படித்தான் திறந்து போட்டுவிட்டு நடுவீட்டில் நின்றேன். டியூட்டி முடிந்து நீ வந்தபோது கட்டில், சோற்றுப் பானை, அலமாரியில் இருந்த பைபிள், நான், எல்லாம் ஒரே நிறமாக இருந்தோம்.

“ஏக்கா, டெல்லியில உள்ள மண்ணு பூராத்தையும் வீட்டுக்குள்ள விருந்துக்குக் கூப்பிட்டியா? அத்தான் வந்தா எங்க உக்காருவாவ?”

“மழை வருதுன்னுலா நெனச்சேன்.”

“இது ஆந்தி, புழுதிக் காத்துக்கா. மழை மாதிரியே வரும். வந்து மண்ணைத் தட்டிட்டுப் போயிரும்.”

அன்றிலிருந்து ரேடியோவில் வானிலை சொல்லும்போதெல்லாம் நீ அடுக்களை வாசலில் நின்று எனக்குத் தமிழில் சொல்லுவாய். வார்டில் நோயாளிகளிடம் பேசிப் பேசியே நீ ஹிந்தி படித்துவிட்டாய். “சில இடங்கள்ல மழைன்னு சொல்லுதான்க்கா. எந்த இடம்னு கேளு, சொல்ல மாட்டான். உன் வத்தல் காயுற இடந்தான்.” நானும் மாடிக்கு ஓடிப்போய் வத்தலை அள்ளிக்கொண்டு வருவேன். பாதி நாள் ஒரு துளி விழுந்திருக்காது.

ஒரு குருத்தோலை ஞாயிறு. தென்னங்குருத்துக்கு டெல்லியில் எங்கே போவது? ஈச்ச ஓலையைக் கையில் கொடுத்திருந்தார்கள். ஆலங்கட்டி விழும் என்று முந்தின நாளே ரேடியோவில் சொன்னான், குடை எடுங்க என்று நீ சொன்னாய். அத்தான் கேட்கவில்லை. “ஒரு கையில ஓலை, ஒரு கையில குடையா? ஆண்டவர் பாத்தா சிரிப்பாரு” என்றார். பவனியில் பாட்டு இரண்டாவது சரணம் வருவதற்குள் டப் டப்பென்று தலையில் விழுந்தது. சபை ஐயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கோயிலுக்குள் ஓடினார். நீ மட்டும் முந்தானையை விரித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாய். ஒரு கட்டியை என் வாயில் திணித்து, “தின்னுக்கா, ஐஸ்காரன் இன்னைக்கு ஓசியில போடுதான்” என்றாய். நான் திட்டினேன். என்ன சொல்லித் திட்டினேன் என்று நினைவில்லை.

இந்த வருஷம் குளிர் முடிகிற சமயத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். உன்னோடு வேலை பார்த்த பிள்ளைகள்தான் உன்னைப் பார்த்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் பார்த்தார்கள். உன்னை மண்ணில் வைத்த அன்று காற்றும் இல்லை, மழையும் இல்லை. மண் கட்டி கட்டியாக இருந்தது. நான் அழவில்லை. இன்னும் அழவில்லை. காபி போடுகிறேன். ரேஷனுக்குப் போகிறேன். யாராவது பேசினால் பதில் சொல்லுகிறேன்.

உனக்குக் கல் செய்தாகிவிட்டது. பெயரும் வசனமும் வெட்டி, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறது. நான் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன். கல்லைப் பதிக்கக் கேட்டால், கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் தலையை ஆட்டுகிறார். “மிட்டி பைட்னே தோ, பஹன்ஜி” என்கிறார். மண் உட்காரட்டுமாம். நல்ல மழை ஒன்று பெய்து மேடு இறங்கின பிறகு பதித்தால்தான் நிற்குமாம். இப்போது வைத்தால் சாய்ந்துவிடும், விரிசல் விட்டுவிடும் என்கிறார்.

அத்தானுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. மே முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். பெருமழை தொடங்கும்போது நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். அதற்கு முன்னால் இந்த ஆந்தியோடு வருகிற மழை ஒன்று பெய்தால்தான் உண்டு. அம்மா வேறு, கல் வைத்து போட்டோ அனுப்பு, அதையாவது பார்க்கிறேன் என்று எழுதிக்கொண்டே இருக்கிறாள். போன வாரமும் ரேடியோவில் சொன்னார்கள். வெறும் மண்தான் வந்தது.

பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாவுக்கு வேறு கவலை. அவர்கள் அண்ணன் வயலில் கோதுமை அறுக்காமல் நிற்கிறது. மழை வந்தால் சாய்ந்துவிடும், கல்மழை என்றால் ஒன்றும் மிஞ்சாது. காலையில் வாசலில் நின்று கையைக் கூப்பி, “ரப் கரே, பாரிஷ் ந ஹோ” என்றார்கள். மழை வரக் கூடாதாம். நானும் தலையை ஆட்டினேன். அத்தான் உள்ளேயிருந்து கேட்டுவிட்டார்.

“நீ யாரு பக்கம்? நமக்கு மழை வேணும்லா?”

“அவங்களுக்குக் கோதுமை நிக்குது.”

“சரி. நமக்கு?”

அவருக்கு எப்படிச் சொல்ல? ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்போது அந்த மேடு இன்னும் உன் நீளத்துக்கு எழும்பி இருக்கிறது. நைட் டியூட்டி முடிந்து வந்து, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு நீ படுத்திருப்பாயே, அதைப் போலவே இருக்கிறது. மண் உட்கார்ந்துவிட்டால் தரையோடு தரைதான். கல்லை வைத்து சிமென்ட் பூசிவிட்டு நாங்கள் ரயில் ஏறிவிடுவோம்.

இப்போதும் ரேடியோ சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொள்ளுகிறேன். நீ சொல்லுவது போலவே வருகிறது, “சொல்லுதான்க்கா” என்று. என்னிடம் உன்னுடையது என்று இருப்பது இது ஒன்றுதான்.

கரண்டு போய்விட்டது. அத்தான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே, “மேற்க மின்னுது பாரு. இன்னைக்கு விடாது. முழங்கால் போட்டு ஒரு ஜெபம் பண்ணு” என்கிறார். பல வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி தெரிகிறது. நானும் முழங்கால் போட்டேன். “ஆண்டவரே” என்றதோடு சரி. எழுந்து வந்து மறுபடியும் உனக்கு எழுதுகிறேன்.

நான் என்னவென்று கேட்கட்டும், சிட்டு? பெய்யட்டும் என்றா, பெய்ய வேண்டாம் என்றா?