கொலுப்படிக்குக் கீழே ஒரு குடம்

செப்டம்பர் 21, 2025, ஞாயிறு

இல்லை ஓவியா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ பாதிப் பேச்சில் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் நியாயம் உன் பக்கம் ஆகிவிடுமா? "வெயிலும் படக்கூடாது, குளிரும் படக்கூடாது, அப்படி ஒரு இடமாப் பாருங்க அப்பாரு" என்று கேட்டது யார்? பிரிட்ஜ்வாட்டரில் இத்தனை பெரிய வீட்டைக் கட்டிவைத்திருக்கிறான் என் மகன், உன் அப்பன். அதில் அப்படி ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. கொலுப்படிக்கு அடியில்.

நேற்று உன் சிநேகிதன் தீபக் வீட்டில் நீங்கள் ஐந்து பேர் கூடி பீர் காய்ச்சினீர்கள். அந்த அபார்ட்மெண்ட் மேனேஜர் வாசனை பிடித்துச் சத்தம் போட்டான். அது புளிக்கிற கண்ணாடிக் குடத்தைத் தூக்கிவந்து நம் கராஜில் பெஞ்சு மேல் வைத்தீர்கள். கராஜ் பகலில் அடுப்பு, ராத்திரியில் ஐஸ்பெட்டி. உன் அம்மா என்னைப் படி கட்டச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். உன் அப்பனுடைய சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் குடத்தை நகர்த்தி உட்காரவைத்து மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி தள்ளிக்கொண்டு வந்தேன். இறக்கும்போது மட்டும் இரண்டு முறை முருகா சொன்னேன். சுற்றிப் படி கட்டி, மேலே பட்டுச்சேலை விரித்தாயிற்று. கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது.

உன் அம்மா வந்து கலசம் வைத்துவிட்டாள். வைத்த கொலுவை விஜயதசமி வரைக்கும் அசைக்கக் கூடாதாம். அது எனக்கு எப்படித் தெரியும்? ஊரில் நம் வீட்டில் கொலுவே கிடையாது. இங்கே வந்து அக்கம்பக்கத்து அம்மாக்களைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள்.

செப்டம்பர் 22

பொளக்.

குடத்தின் வாயில் தண்ணீர் ஊற்றிய சின்னக் குழாய் ஒன்று செருகியிருக்கிறார்கள். காற்று அது வழியாக வெளியேறும்போது இந்தச் சத்தம். ஹீட்டர்தான் சத்தம் போடுகிறது என்று நினைத்து மருமகள் பூங்கொடி ரிப்பேர்காரனுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 23

ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். இருக்காதா பின்னே.

ஓவியா இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறாள், இருபத்திரண்டு வயது. தினமும் வீட்டிலிருந்து காரில் போவாள், வருவாள். ஹாஸ்டல் இல்லை, கூட்டம் இல்லை. "நாலு வருஷமா கேம்பஸ்ல என்னைத் தெரிஞ்சது பார்க்கிங் லாட் மட்டும்தான் அப்பாரு" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது யூனிவர்சிட்டியில் ஒரு கிளப் தொடங்கப் போகிறாள். சொந்தமாக பீர் காய்ச்சுகிற மாணவர் சங்கம். எல்லாரும் இருபத்தொன்று தாண்டியவர்கள். காய்ச்சுவதை யூனிவர்சிட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு புரொபசர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிற அனந்தலக்ஷ்மி என்கிற அம்மாவைக் கேட்டிருக்கிறாள். அக்டோபர் முதல் வாரத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் கிளப் கிடையாது. இரண்டு மாதமாக தீபக் முதலான அந்த நாலு பேர் இவளுக்குப் போன் பண்ணுகிறார்கள். இந்த வீட்டில் இவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதானே? அதுதான் முடியாது. பூங்கொடியின் தம்பி ஊரில், கோபியில், குடித்தே செத்தான். முப்பத்தொரு வயசு. அதிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பேச்சே எடுப்பதில்லை. என் மகன் ரஞ்சித்குமார் இருமலுக்கு டானிக் வாங்கினால்கூட மருமகள் லேபிளைப் படிப்பாள்.

அவன் இப்போது ஆபீஸ் வேலையாக சான் ரமோன் போயிருக்கிறான். கொடுத்துவைத்தவன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுத?

வெற்றிலை பாக்குக்குப் பத்துப் பதினைந்து பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி அந்த அனந்தலக்ஷ்மி. கோயிலில் பழக்கமாம், மருமகள்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஓவியா வாசலில் அவரைப் பார்த்ததும் கையில் இருந்த குங்குமச் சிமிழைச் சாய்த்துவிட்டாள்.

ஒரு அம்மா பாட்டு எடுத்தார். நடுவில் மூச்சு வாங்கினார். பொளக்.

"என்ன மாமா சத்தம் அது?" என்று கேட்டார் அனந்தலக்ஷ்மி.

"என்ற கால் முட்டிங்க. குளிர் வந்தா இப்படித்தான் பேசும்."

மறுபடியும் பொளக்.

"அது சோடி முட்டிங்க. ஒன்னு கேட்டா இன்னொன்னு பதில் சொல்லோணுமல்லோ."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பொளக். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். சத்தத்துக்குச் சத்தம் நேரம் எண்ணுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

மற்றவர்கள் சுண்டலுக்கு அடுக்களைப் பக்கம் போனதும் அவர் குனிந்து சேலையை ஓரமாகத் தூக்கினார். பார்த்தார். மடிப்புக் கலையாமல் திரும்ப விட்டார்.

"எத்தனை நாளாச்சு?"

"சிக்ஸ் டேஸ், புரொபசர்" என்றாள் ஓவியா.

"நன்னாத்தான் வேலை செய்யறது. அம்மாவுக்குத் தெரியுமா?"

ஓவியா என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையார் பொம்மையைப் பார்த்தேன்.

"பீர்னா எனக்கு ஒண்ணும் பயமில்லை. பெத்தவா வீட்லயே ஒளிச்சு வைக்கற கிளப்புக்கு நான் எப்படிப் பொறுப்பு எடுத்துக்க முடியும்? அம்மாகிட்ட சொல்லு. அவா என்ன சொன்னான்னு எனக்கு வந்து சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

"அதுங்க, குடத்த வெச்சது நானுங்க, பொண்ணு மேல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியறது மாமா" என்றார். சுண்டலில் காரம் சரியாக இருக்கிறது என்று பூங்கொடியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 27

"யூ மேட் இட் எ ஜோக். நான் அம்மாகிட்ட நானே சொல்றதா இருந்தேன். நீங்க அதை சாமிக்குக் கீழ வச்சிட்டீங்க. இப்ப எப்படி சொல்றது?"

காலையில் ஓவியா கேட்டாள். நான் போய்க் கொலுச் சேலையின் மடிப்பைச் சரிசெய்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஓவியா சொல்லிவிட்டாள். நானும் கூட உட்கார்ந்தேன். பேச்சை இலகுவாக்கலாம் என்று, "அம்மணி, சாமிக்குக் காவலா ஒருத்தன் கீழ இருக்கறான்" என்று தொடங்கினேன். "அப்பாரு, ப்ளீஸ், மேல போங்க" என்றாள். போனேன். மாடிப்படி திருப்பத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதுவும் மேலேதான்.

பூங்கொடி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எந்தம்பியும் மொதல்ல பிரெண்ட்ஸுக்காகன்னுதான் சொன்னான்" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் கிரைண்டர் ஓடுகிற சத்தம். மாவு ஆட்டுகிற நாள்கூட இல்லை இன்றைக்கு.

எனக்கு என்ன வந்துச்சு? சும்மா கராஜ்லயே கெடந்திருக்கும். நாமதான் பெரிய இவனாட்டம் தள்ளிக்கிட்டு வந்தோம். மாப்பிள்ளை ஊர்வலமாம்.

செப்டம்பர் 29

ஆளுக்கொரு நேரத்தில் தனித்தனியாகச் சாப்பிட்டோம். குடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டது.

செப்டம்பர் 30

தீபக் இரண்டு முறை போன் பண்ணினான். ஓவியா எடுக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஓவியாவின் புத்தகங்கள், மகனின் பழைய லேப்டாப், மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மனை, காருக்குச் சக்கரத்துக்கொரு எலுமிச்சம்பழம். பூங்கொடி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். என் மூக்குக் கண்ணாடிக்கும் வைத்தாள். பார்வை கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, சொல்லவில்லை.

கடைசியில் கொலு முன்னால் போய் நின்றாள். கிண்ணத்தில் பாதிச் சந்தனம் மீதி இருந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்து சேலையைத் தூக்கினாள். உள்ளே கையை விட்டு அந்தக் குடத்துக்கும் ஒரு பொட்டு வைத்தாள். எழுந்தாள்.

ஓவியா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழுகாதே. நீ இத வெச்சுப் படிக்கறே, வேல பண்றே. ஆயுதம்னா ஆயுதம்தான். ஆனா ஒன்னு கேட்டுக்க. இந்த ஊட்ல வேண்டாம், எனக்கு முடியாது. குடிச்சா சொல்லு. எவ்வளவுன்னு சொல்லு. எந்தம்பி சொன்னதே இல்ல, நாங்களும் கேட்டதே இல்ல."

"சொல்றேம்மா."

"போன் பண்ணி அந்தம்மாகிட்டச் சொல்லு. அம்மா இப்படிச் சொன்னாங்கன்னு அப்படியே சொல்லு."

நான் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். சுண்டலைத் தின்றேன்.

அக்டோபர் 2

விஜயதசமி. கலசம் எடுத்தாயிற்று. புரொபசரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். பக்கத்து ஊரான எடிசனில் அவர் வீட்டு பேஸ்மெண்ட் காலியாகக் கிடக்கிறதாம், இனிமேல் அங்கேதான் காய்ச்சுவார்களாம்.

அக்டோபர் 4, சனி

குடத்தை எடிசனுக்குக் கொண்டுபோனோம். தீபக் காரில் ஏற்றுகிறேன் என்றான். அவன் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்த பூங்கொடி விடவில்லை. தன் காரின் பின்சீட்டில் தலையணை வைத்துக் குடத்தை உட்காரவைத்து, சீட் பெல்ட் போட்டு, அது சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தாள். நான் முன்சீட்டில். எனக்கு பெல்ட் போட்டேனா என்று யாரும் கேட்கவில்லை.

கிளப் பிள்ளைகள் புரொபசரம்மா வீட்டு வாசலில் நின்றார்கள். ஓவியா இறங்கி ஓடினாள். அவர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஆளுக்கொரு உச்சரிப்பில்.

காரில் நானும் மருமகளும்தான். இதுதான் நேரம் என்று பட்டது.

"அம்மணி, நான் வேணும்னு சாமிக்குக் கீழ வெக்கல. வெளையாட்டுத்தான், அது நெசந்தான். ஆனா அந்தப் புள்ள இதுக்கு முன்னால ஊட்டுக்குள்ள சத்தமாச் சிரிச்சு நான் பாத்ததே இல்லீங் அம்மணி, அதனால அது நின்னு போயிருமோன்னு எனக்கு..."

தீபக் பின்கதவைத் திறந்து குடத்தை இழுத்தான். "தீபக்கு, அப்படிப் புடிக்காதே, அடில கை குடு" என்று பூங்கொடி இறங்கிப் போய்விட்டாள். குடத்தின் மறுபக்கத்தை அவளே பிடித்துக்கொண்டாள்.