டாக்டர் என்று எழுதியது நான்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்களாவது நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அலுவலக வாசலிலேயே எங்கள் கைபேசியை வாங்கிக்கொள்கிறார்கள். யார் யாரோடு பேசினோம் என்று துருவிப் பார்த்துத்தான் திருப்பித் தருகிறார்கள். அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம்.

கணினியில் விவரம் பதியும் வேலை என்று உன்னிடம் சொன்னது பொய். என் மேசையில் ஒன்பது கைபேசிகள் இருக்கின்றன. ஒன்றில் நான் ஓய்வுபெற்ற டாக்டர், ஒன்றில் பேராசிரியர், இன்னொன்றில் இரண்டு பிள்ளைகளின் தாய். பங்கு வாங்குவோர் குழுக்களில் இந்த ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு பங்கைப் புகழ்வோம். இப்போது புகழ்வது, பூட்டிக் கிடக்கும் ஓர் ஓட்டுத் தொழிற்சாலையின் பங்கை. முதலாளியும் கூட்டாளிகளும் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். தங்களுக்குள்ளேயே விற்று வாங்கி விலையை ஏற்றுகிறார்கள். ஏறுவதைப் பார்த்து வெளியார் ஓடி வந்ததும், மொத்தத்தையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். அப்புறம் அதை வாங்க ஆளே இருக்காது.

சென்ற முறை ஒரு தையல்காரர் மாட்டிக்கொண்டார். “விக்கவே முடியலையே டாக்டர், யாராவது வாங்குவாங்களா?” என்று தினமும் கேட்பார். பொறுமையாக இருக்கச் சொல்லி எழுதச் சொன்னார்கள், எழுதினேன். நான்காம் நாள் அவரைக் குழுவிலிருந்து நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன். அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன், அக்கா.

நேற்று புதிதாக ஒருவர் டாக்டரைக் கேட்டார்: “சார், வீட்டுப் பத்திரத்தை வெச்சு இன்னும் கொஞ்சம் வாங்கலாமா?” எண்ணைப் பார்த்தேன். அத்தானின் எண். மேற்பார்வையாளர் என் நாற்காலியைப் பிடித்தபடி பின்னால் நின்றிருந்தார். “என்ன யோசனை? தெரிஞ்ச ஆளா?” என்றார். “தாராளமா வாங்குங்க” என்று தட்டி அனுப்பினேன். அத்தான் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார்.

அந்த டாக்டர் நான்தான் என்று அவரிடம் சொல். நம்ப மாட்டார், என் கையெழுத்தைக் காட்டு. வரும் புதன்கிழமை இவர்கள் மொத்தமாக விற்கப் போகிறார்கள். பத்திரம் பீரோவை விட்டு வெளியே போகவே கூடாது. ஏற்கெனவே வாங்கியதை விற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை வாங்குகிறவர் வீட்டிலும் ஓர் அக்கா இருப்பாள். குழுவில் மட்டும் அவர் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டாம். கேட்டால் நேராக என்னிடம்தான் வருவார்கள்.

நாளைக் காலை பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்குப் போகிறேன். நீயும் குற்றவாளிதான் என்று என்னைப் பிடித்து வைத்தாலும் சரி. அந்த வாசல்வரை போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் பயம். இரண்டு நாளாக ஒரே மோட்டார்சைக்கிள் என் பேருந்துக்குப் பின்னாலேயே வருகிறது.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. அத்தானைக் கோபித்துக்கொள்ளாதே, அவர் ஏமாளி இல்லை, நான் அவ்வளவு நன்றாக எழுதினேன். பிள்ளைகளோடு அந்த வீட்டில் நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். எனக்குக் கதவு திறப்பாயா என்று இப்போது கேட்க மாட்டேன்.

உன்
வாலு