ஜூலை ஒன்றுக்குள் ஒரு மனசு டாக்டர்

4.6.1993, ராஜபாளையம்
வேலை கிடைத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில், கூட்டுறவு சங்கத்தில் டைப்பிஸ்ட். ஜூலை ஒன்றில் சேர வேண்டும். அம்மாவைத் தூக்கிச் சுற்றினேன். பிறகுதான் உறைத்தது — பஸ்ஸில் அல்லவா போக வேண்டும்? போன வருஷம் பஸ் நெரிசலில் மயங்கி விழுந்ததிலிருந்து, படியில் கால் வைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. மூன்று தடவை பாதியில் இறங்கி ஓடியிருக்கிறேன். அப்ரோஸ் பேகம், என்ன செய்யப் போகிறாய்?

7.6
டாக்டரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் மாத்திரை எழுதிவிட்டார்.

9.6
மாத்திரை பிரமாதம். பயமே இல்லை. டைப்பிங் வகுப்பில் மெஷின் மேலேயே தூங்கிவிட்டேன், கன்னம் முழுக்க எழுத்துக் கட்டைகளின் தடம். எனக்குத் தூக்கம் வேண்டாம். நான் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

13.6
சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. ஹமீது என்பவர் மனோதத்துவம் படித்தவராம், வீட்டிலேயே ஆலோசனை சொல்கிறாராம். ஜெய்னப் மதினி கண்டுபிடித்தாள். "எதுக்குப் போறோம்னு தெருவுல கேப்பாக. விசேஷ வீட்டுக்குப் போற மாதிரி போயிருவோம்" என்று பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, தட்டு நிறைய பழம், இனிப்பு.

ஹமீதின் அம்மா தட்டைப் பார்த்ததும் புதுப்பாயை விரித்தார். காபி வந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மதினியின் காதில், "மாப்பிள்ள பாக்க வாறவிய பொண்ணையுமா கூட்டிட்டு வருவாக?" என்றார். எங்கே போய் முட்டிக்கொள்ள?

அவர் மகனோ ஒரு மணி நேரம் தன் காலேஜ் பெருமையைச் சொன்னார். நான் பேசியது இரண்டு வரி. வரும் வழியில் மதினி, "மாப்பிள்ளைக்கு ஆகும்ட்டி. ஒன் வியாதிக்கு ஆகாது" என்றாள்.

14.6
எனக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும்? பெண்ணாக இருக்க வேண்டும். மாத்திரை கூடாது. "பயப்படாதே" என்று சொல்லவே கூடாது. மாப்பிள்ளைக்குக்கூட நான் இத்தனை நிபந்தனை போட்டதில்லை.

19.6
அண்ணன் மொபெட்டில் கொண்டுபோய் விட்டான். டைப்பிங் வகுப்பில் சொல்லித் தெரிந்தவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பரிபூரணம் அக்கா. நர்ஸாக இருந்துவிட்டு மதுரையில் கவுன்சிலிங் படித்தவர். முக்கால் மணி நேரம் நான்தான் பேசினேன். அழுதேன். மூக்கை உறிஞ்சி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு, "ஒனக்கு எப்படிச் செஞ்சா தோதுப்படும்?" என்றார். என்னிடம் போய் கேட்கிறார். ஒருவரும் கேட்டதில்லை.

இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். பஸ்ஸில் முதல் நாள் ஒரு ஸ்டாப், மறுநாள் இரண்டு. "படபடப்பு வரட்டும், தானா அடங்குத வரைக்கும் உக்காந்திரு. ஓடிறாத." இவர்தான், இவரேதான்.

20.6
ஒரு ஸ்டாப். நடந்தே வீடு திரும்பினேன். நாலு வடை தின்றேன்.

24.6
ஐந்தாவது ஸ்டாப். கண்டக்டர் கேட்டுவிட்டார்: "தெனமும் ஒரு ஸ்டாப் தள்ளித் தள்ளி எறங்குதியளே, ஏதும் கணக்கெடுப்பா?"

28.6
மோசம். பாதி வழியில் எழுந்துவிட்டேன். சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். கண்ணீர் வந்தது, ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. எனக்கே என்னைப் பிடித்திருக்கிறது.

1.7, ஸ்ரீவில்லிபுத்தூர்
ஆபீஸில் இருந்து எழுதுகிறேன். காலையில் பஸ்ஸில் சண்டை: ஜன்னல் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டேன் என்று ஒரு பெரியவர், முதலில் உட்கார்ந்தது நான் என்று நான். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வாய் ஓயவில்லை. இறங்கி ஆபீஸ் வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது — பயப்படவே மறந்துவிட்டேன்.