ஒருவரும் இல்லாத தெரு

யூன் 9, திங்கள்

மழை. இப்படி ஒளித்து எழுதுவதற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. அலுவலகத்தில் வாய் திறக்க வராது, அதனால்தான்.

கொழும்பில் கொட்டாஞ்சேனை. சுற்றுலாத் திட்டத்துக்காகப் பழைய வீடுகளில் கணக்கெடுப்பு. ஒவ்வொரு கதவிலும் ஒரே கேள்வி: இங்கே எத்தனை பேர்? ஒரே பதில்: "ஒருத்தரும் இல்லை." உள்ளே குக்கர் விசில். கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள்.

முனை வீட்டு மேரியக்கா என் பெயரட்டையை வாசித்தார். "நீயும் தமிழ்தானே? பொலிசுக்கு ஆள் காட்டத்தான் படிச்சனியோ?"

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்.

யூன் 10, செவ்வாய்

குடையை பஸ்ஸில் விட்டாயிற்று.

அலுவலகத்தில் எங்கள் மேலதிகாரி, சேர், வரைபடத்தில் அந்தத் தெருவுக்கு மஞ்சள் பூசினார். மஞ்சள் என்றால் காலி. "ஆக்களில்லாட்டி வேலை சுகம். கீழே கோப்பிக் கடை, மேலே வெள்ளைக்காரருக்கு அறை. மரச் சன்னலில மட்டும் கை வைக்கேலாது, அது பாரம்பரியம்."

"சேர், ஆக்கள் இருக்கினம். பயத்தில சொல்லேல்லை."

"அப்ப பேரோட எழுதித் தரச் சொல்லும். உம்மட கண்ணீருக்கு நான் பிளானை மாத்தேலாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழவே இல்லை. சன்னலுக்குப் பாதுகாப்பு, பின்னால் நிற்கிறவளுக்கு வெளியேறச் சொல்லிக் கடிதம். வெறுக்கிறேன், அவருடைய மஞ்சள் பென்சில் உட்பட.

யூன் 11, புதன்

வெள்ளவத்தை, என் வாடகை அறை. தேங்காய், சவர்க்காரம் வாங்க வேண்டும்.

காலையில் மின்சார மீற்றர் பார்க்க வந்தவன் சும்மா கேட்டான், வீட்டில் யார் யார் என்று. வீட்டுக்கார அன்ரி: "நானும் அவரும்தான்." நான் கதவுக்குப் பின்னால், வாய் நிறையப் பற்பசை. அறைக்குத் தமிழர் யாரை வைத்தாலும் பொலிசில் பதிய வேண்டியிருந்த சண்டைக் காலத்துப் பதில். சண்டையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதில் நிற்கவில்லை.

யூன் 12, வியாழன்

நாளை மாலை திட்டம் மேலிடத்துக்குப் போகிறது. சேரிடம் கேட்காமலே கொட்டாஞ்சேனை போனேன்.

மேரியக்கா பாதிக் கதவுதான் திறந்தார். "திரும்பவும் வந்திட்டியா?"

சொன்னேன்: ஒருத்தரும் இல்லை என்று எழுதியாயிற்று, வீடுகள் ஹோட்டலுக்குப் போகும்.

"போகட்டும். பொலிசில பேர் குடுத்த அடுத்த கிழமைதான் என்ர தம்பியைக் கொண்டுபோனவங்கள். வீடு போனால் வீடு மட்டும்தானே."

அவருக்குப் பின்னால் ஒரு சின்னப்பிள்ளை எட்டிப் பார்த்தது. உள்ளே இழுத்துவிட்டார். கதவு மூடப் போனது. கையை வைத்துத் தடுத்தேன். நானா?

"அக்கா, பேர் வேண்டாம். காலையில சேரை எப்படியும் கூட்டிவாறன். அந்த மரச் சன்னலைத் திறந்துகொண்டு எல்லாரும் நில்லுங்கோ."